உயர் அட்லஸில் முதல் நடை: மொராக்கோவின் மலைக் கிராமங்களுக்கு வழிகாட்டியுடன் போவது எப்படி?

வட ஆப்பிரிக்காவில் மலைநடை என்றதும் முதலில் காதில் விழும் பெயர் டூப்கால், மொராக்கோவின் உயர் அட்லஸ் மலைத்தொடரில் உள்ள சிகரம். உயரம் 4167 மீட்டர். வட ஆப்பிரிக்காவில் அதற்கு மேல் சிகரம் இல்லை. மராகேஷ் நகரிலிருந்து கிளம்பி, ஓர் இரவு மலை விடுதியில் படுத்து, மறுநாள் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும் இரண்டு நாள் பயணங்கள் அங்கே மலிந்து கிடக்கின்றன. முதன்முறை போகிறவர்கள் அதை வாங்க வேண்டாம் என்பேன். அந்தப் பாதையின் மேல்பாதி முழுக்கக் கல்லும் சரளையும்தான். ஊரும் வயலும் வாய்க்காலும், தேநீரும் பேச்சும் இருப்பதெல்லாம் அதற்குக் கீழே, 1500 மீட்டரிலிருந்து 2400 மீட்டர் வரையுள்ள பள்ளத்தாக்குகளில். நான்கைந்து நாள் அங்கே நடந்து, ஒவ்வோர் இரவும் ஒரு கிராமத்தில் தங்குகிற பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

அரபு மொழியும் அமாசிக் மொழிகளும் அடுத்தடுத்துப் புழங்கும் நிலம் மொராக்கோவிலிருந்து எகிப்தின் சீவா பாலைச்சோலை வரை நீள்கிறது. வெளியார் பெர்பர் என்று அழைக்கும் மக்கள் தங்களை அமாசிக் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய நிலத்தில் புதியவர்களுக்கு நான் மொராக்கோவைக் காட்டுவதற்குக் காரணம், அங்கே மலை வழிகாட்டிகளுக்கு முறையான பயிற்சியும் அரசு உரிம அட்டையும் உண்டு. ஐத் பூகெமேஸ் பள்ளத்தாக்கின் தபாந்த் ஊரில் இதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி நடக்கிறது. மலைக் கிராமங்களிலும் பயணிகளை வீட்டில் தங்கவைப்பது ஒரு தொழிலாக வேரூன்றிவிட்டது.

முதல் வேலை: பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று இடங்களைச் சொல்கிறேன். மூன்றும் வெவ்வேறு குணம் கொண்டவை.

இம்லில் சுற்றுவட்டம்: மராகேஷிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். 1740 மீட்டர் உயரத்தில் வால்நட் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். டூப்கால் ஏறுகிறவர்கள் எல்லாரும் இங்கே வருவதால் கூட்டம் இருக்கும். ஆனால் கூட்டம் முழுக்க ஒரே பாதையில்தான் போகிறது. கிழக்கே தமாதெர்த் கணவாயைத் தாண்டினால் தஷ்திர்த் கிராமம். மேற்கே மிஸிக் கணவாயைத் தாண்டினால் அஸாதென் பள்ளத்தாக்கு. அதில் திஸி உசெம் என்ற ஊரில் தங்கி, ஆற்றோடு இறங்கி உயிர்கான் வரை நடந்துவிடலாம். அங்கே தார்ச்சாலையும் டாக்ஸியும் இருக்கின்றன. குறைந்த விடுப்பில் வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஐத் பூகெமேஸ்: மராகேஷிலிருந்து வண்டியில் அரை நாள் ஆகும். அந்தத் தொலைவே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அகன்ற, தட்டையான பள்ளத்தாக்கு. ஆப்பிள் தோட்டங்களும் பார்லி வயல்களும் செம்மண் வீடுகளும். நடுவே கூம்பு போன்ற குன்றின் உச்சியில் சீதி மூசா என்ற வட்டமான தானியக் களஞ்சியம். ஊர்க் குடும்பங்கள் தங்கள் தானியத்தையும் மதிப்புள்ள பொருள்களையும் பூட்டிவைத்த இடம் அது. முழங்காலுக்கு அஞ்சுகிறவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்று யாராக இருந்தாலும் இங்கே நடக்க முடியும். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். பலம் உள்ளவர்கள் இங்கிருந்தே 4000 மீட்டரைத் தாண்டும் ம்கூன் மலைக்கும் ஏறலாம்.

ஜெபல் சக்ரோ: உயர் அட்லஸுக்குத் தெற்கே, பாலையை நோக்கி நிற்கும் வறண்ட எரிமலைப் பாறைகளின் தொடர். ஐத் அத்தா இனக்குழுவின் மேய்ச்சல் நிலம். 1933ல் பூ காஃபெர் மலையில் இவர்கள் பிரெஞ்சுப் படையை வாரக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். குளிர்காலத்தில் வடக்கு மலைகள் பனியில் மூடும்போது நடக்க ஏற்ற இடம் இது. தண்ணீர் அரிது, கிராமங்கள் இடைவெளி விட்டு இருக்கும், பெரும்பாலும் கூடாரத்தில்தான் இரவு. முதல் பயணத்துக்கு மற்ற இரண்டில் ஒன்றை எடுங்கள்.

காலம்

உயர் அட்லஸுக்கு ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பரும் அக்டோபரும். மே மாதம் போனால் உருகும் பனியால் ஓடைகள் நிரம்பியிருக்கும். ம்கூன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ரோஜா அறுவடையும் நடக்கும். செப்டம்பர் கடைசியில் நீண்ட கழிகளால் வால்நட் மரங்களை அடித்துக் காய் உதிர்ப்பார்கள். விரல்கள் கறுத்த பிள்ளைகளை ஊரெங்கும் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் மராகேஷ் கொதிக்கும், மலையில் மாலை இடிமழை வரும். நவம்பருக்குப் பின் உயரக் கணவாய்களில் பனி.

ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அப்போது போகக்கூடாது என்று தடை எதுவும் இல்லை. ஆனால் உங்கள் வழிகாட்டியும் கோவேறு கழுதைக்காரரும் தண்ணீர்கூட அருந்தாமல் வெயிலில் உங்களோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்த மாதம் போவதானால் நடை நேரத்தைப் பாதியாகக் குறைத்துக் காலையிலேயே முடியுங்கள். சூரியன் மறைந்ததும் ஹரீரா சூப்பும் பேரீச்சையும் வைத்து நோன்பு திறக்கிற இடத்தில் உங்களையும் உட்கார வைப்பார்கள். மொராக்கோவின் கடிகாரம் ரமலானில் ஒரு மணி நேரம் பின்னால் போகும். விமானத்துக்குப் போகும் நாளில் இதை மறந்துவிடாதீர்கள்.

வழிகாட்டி: எல்லாவற்றிலும் பெரிய முடிவு

எந்தப் பாதை என்பதைவிட யாரோடு நடக்கிறீர்கள் என்பதே இந்தப் பயணத்தின் தரத்தைத் தீர்மானிக்கும். பாதையைக் கைப்பேசி வரைபடமும் காட்டும். எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம், எந்த வாய்க்கால் கரையில் இன்று நடக்கக்கூடாது, மேலே கூடும் மேகம் மழையாகுமா ஆகாதா என்பதெல்லாம் அந்த மலையில் வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

மொராக்கோவில் நகர வழிகாட்டி வேறு, மலை வழிகாட்டி வேறு. இருவருக்கும் சுற்றுலா அமைச்சகத்தின் அட்டை உண்டு, கழுத்தில் மாட்டியிருப்பார்கள். அட்டையைப் பார்க்கக் கேட்பது அவமரியாதை ஆகாது; அட்டை உள்ளவர் தாமாகவே காட்டுவார். மராகேஷின் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தில் நின்று உங்களை மலைக்கு அழைத்துப்போகிறேன் என்பவரோடு பேரம் பேசாதீர்கள். இம்லிலில் ஊர் நடுவிலேயே வழிகாட்டிகள் அலுவலகம் இருக்கிறது. நேரில் போயும் ஆள் பேசலாம். கூட்டமான மாதங்களில் முன்பே மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

2018 டிசம்பரில் இம்லிலுக்கு மேலே இரண்டு ஸ்காண்டிநேவியப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் டூப்கால் பாதையில் சோதனைச் சாவடிகள் வந்தன. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் மேலே விடுவதில்லை. கடவுச்சீட்டின் அசலைக் கேட்பார்கள், நகல் போதாது. உங்கள் பெயரும் வழிகாட்டியின் பெயரும் பதிவாகும். சாவடியில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தொல்லையாக நினைக்க வேண்டாம்.

ஆளை முடிவு செய்யுமுன் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. எந்த ஊர்க்காரர்? நாம் நடக்கும் பள்ளத்தாக்கில் அவருக்கு உறவு உண்டா? ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேர நடை, எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம்? கிலோமீட்டரில் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள்; மலையில் பத்துக் கிலோமீட்டர் என்பது மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம், எட்டு மணி நேரமாகவும் இருக்கலாம். குழுவில் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் வேண்டாம் என்பேன், ஒரு கிராமத்து வீட்டுக்குள் அதற்கு மேல் ஆட்கள் புகுந்தால் விருந்தோம்பல் வெறும் பந்தி பரிமாறலாகிவிடும். கோவேறு கழுதைக்காரருக்கும் சமையற்காரருக்கும் ஒரு நாள் கூலி எவ்வளவு, அது மொத்த விலைக்குள் அடங்குமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வெளிநாட்டு இணையதளம், மராகேஷ் முகவர், வழிகாட்டி என்று மூன்று கைகள் தாண்டி வரும் பணத்தில் கழுதைக்காரரின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். கணக்கைப் பிரித்து எழுதித் தரச் சொன்னால் நேர்மையானவர் தருவார், தயங்குபவரை விட்டுவிடுங்கள். பெண் வழிகாட்டிகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். தனியாக வரும் பெண்களும் பெண்கள் குழுக்களும் கேட்டுப் பாருங்கள்.

விசா, பணம், வழி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மொராக்கோ விசா வேண்டும். கனடா, பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்போர் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால் விமானச் சீட்டு வாங்குமுன் மொராக்கோத் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். நம் ஊர்களிலிருந்து வளைகுடா வழியாகக் காசாபிளாங்கா போவது வழக்கமான பாதை. அங்கிருந்து மராகேஷுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பணம் திர்ஹாம். நாட்டுக்கு வெளியே அதிகம் கிடைக்காது, வெளியே கொண்டுபோகவும் வரம்பு உண்டு. அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள். மலைக்குத் தேவையான ரொக்கம் முழுவதையும் மராகேஷிலேயே எடுத்துவிடுங்கள், 20, 50 திர்ஹாம் தாள்கள் நிறைய வேண்டும். 200 திர்ஹாம் தாளைக் கிராமத்துக் கடையில் நீட்டினால் சில்லறைக்கு அவர் மூன்று வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும். ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். காப்பீடு வாங்கும்போது நீங்கள் ஏறப்போகும் உயரத்தில் நடப்பது அதில் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள். பல சாதாரணப் பாலிசிகள் 3000 மீட்டரோடு நின்றுவிடும்.

மராகேஷிலிருந்து இம்லிலுக்குப் பெரிய டாக்ஸி ஓடுகிறது. ஆறு பேர் நிறைந்ததும் கிளம்பும். அவசரமென்றால் ஆறு இருக்கைக்கும் பணம் கொடுத்துத் தனியாகப் போகலாம். வழியில் உள்ள அஸ்னி ஊரில் வண்டி மாற வேண்டிவரலாம். சனிக்கிழமை அஸ்னியில் வாரச்சந்தை. அன்று போனால் சுற்றுப் பள்ளத்தாக்குகள் மொத்தமும் அங்கே கூடியிருப்பதைப் பார்க்கலாம்.

மூட்டையும் காலும்

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். சமதளத்தில் நடப்பது போதாது. மாடிப்படி ஏறி இறங்குங்கள், முக்கியமாக இறங்குங்கள். அட்லஸில் முழங்கால் வலி வருவது இறக்கத்தில்தான். காலணி புதியதாக இருக்கக்கூடாது, கணுக்காலைப் பிடிக்க வேண்டும், நுனியில் விரலுக்கு இடம் வேண்டும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மூட்டையைக் கோவேறு கழுதை சுமக்கும். மிருதுவான பையாக இருக்கட்டும். சக்கரம் வைத்த சூட்கேஸ் கழுதையின் விலாவைக் குத்தும். ஒருவருக்கு அதிகபட்சம் 12 கிலோ என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதுகில் தண்ணீர், மழைச்சட்டை, ஒரு கம்பளி, தொப்பி, வெயில் களிம்பு, கடவுச்சீட்டு, சிறிது உலர்பழம் மட்டும். மே மாதத்திலும் 2000 மீட்டருக்கு மேல் இரவு குளிரும். ஸ்லீப்பிங் பேக் எடுத்துப் போங்கள். தலையில் கட்டும் டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் மாத்திரை, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை ஆகியவை கட்டாயம். ஊற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே ஆடு மேயும், மாத்திரை போடாமல் குடிக்காதீர்கள்.

நடைநாள் எப்படிப் போகும்?

காலை ஏழு, ஏழரைக்கு ரொட்டி, ஆலிவ் எண்ணெய், தேன், தேநீர். எட்டரைக்குள் கிளம்பிவிடுவீர்கள். கழுதைக்காரர் பாத்திரம் கழுவி, மூட்டை கட்டி, பின்னால் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குள் உங்களைத் தாண்டிப் போவார். மதியம் நீங்கள் போய்ச் சேரும் மரநிழலில் ஜமுக்காளம் விரித்து, தக்காளி, வெங்காயம், வெள்ளரி நறுக்கிய சாலட்டும் ஆலிவும் மத்தி மீனும் தயாராக வைத்திருப்பார். அதன்பின் ஒரு குட்டித் தூக்கம். மாலை மூன்று, நான்குக்கெல்லாம் அடுத்த ஊர்.

பாதை பெரும்பாலும் வாய்க்கால் கரையை ஒட்டிப் போகும். அடுக்கு வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்த நேரம் என்பது பரம்பரைக் கணக்கு. மண்ணை வெட்டிப்போட்டு மடை அடைத்திருப்பதை மிதித்துவிடாதீர்கள், ஒரு குடும்பத்தின் முறைத்தண்ணீர் வீணாகிவிடும். அதேபோல உயரப் புல்வெளிகளில் சில, அக்தால் என்ற ஏற்பாட்டின்படி வசந்தம் முதல் கோடை நடு வரை மேய்ச்சலுக்கு மூடப்பட்டிருக்கும். புல் பூத்து விதை உதிர்க்கட்டும் என்று ஊர்கள் கூடிப் போட்ட கட்டுப்பாடு. உக்கைமெதன் புல்வெளி இதற்குப் பேர்போனது. திறக்கும் நாளில் மந்தைகள் ஒன்றாகப் புகும் காட்சியைக் காண ஆகஸ்டில் போகிறவர்கள் உண்டு. இப்படியொரு ஏற்பாடு நூற்றாண்டுகளாக நிற்கிறது என்பதை அந்தப் புல்வெளியின் ஓரத்தில் நின்று வழிகாட்டி சொல்லக் கேட்பதற்காகவே இந்த மலைக்குப் போகலாம்.

வரைபடம் படிக்க நான்கைந்து பெயர்கள் உதவும். திஸி என்று தொடங்கினால் கணவாய், அதாவது ஏற்றம் இருக்கிறது. அஸிஃப் ஆறு, அத்ரார் மலை, அஸிப் மேய்ப்பர்களின் கோடைக் குடிசை. ஐத் என்று தொடங்கினால் இன்னாருடைய மக்கள் வாழும் இடம். மேற்கு உயர் அட்லஸில் பேசுவது தஷெல்ஹித் என்ற அமாசிக் மொழி. மன்ஸகின் என்று நலம் விசாரித்து, தனமிர்த் என்று நன்றி சொன்னால் முகங்கள் மலரும். அஸ்ஸலாமு அலைக்கும் எங்கும் செல்லும். அமாசிக் மொழி 2011 அரசியலமைப்பில் அரபோடு ஆட்சிமொழியானது. பள்ளிப் பலகைகளில் திஃபினாக் எழுத்தைப் பார்ப்பீர்கள்.

வீட்டுக்குள்

தங்கும் இடத்தை ஜீத் என்பார்கள். பிரெஞ்சுச் சொல் ஊரில் ஒட்டிக்கொண்டது. சுவரோரம் மெத்தை போட்ட நீண்ட கூடம், பகலில் அங்கேயே சாப்பாடு, இரவில் அங்கேயே படுக்கை. தம்பதிகளுக்குத் தனியறை வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும். கழிப்பறை குந்தி உட்காரும் வகை, தண்ணீர் வாளி இருக்கும். நமக்கு அதில் சிரமமே இல்லை. சில வீடுகளில் விறகு மூட்டிய ஹம்மாம் என்ற நீராவிக் குளியலறை உண்டு. நடந்து வந்த களைப்புக்கு அதைப் போல எதுவும் இல்லை, ஆனால் அந்த விறகு தூரத்திலிருந்து பெண்கள் முதுகில் வந்தது. தினமும் கேட்காதீர்கள்.

காலணியை வாசலில் கழற்றுங்கள். சீனப் பச்சைத் தேயிலையும் புதினாவும் நிறையச் சர்க்கரையும் சேர்ந்த தேநீர் முதலில் வரும். முதல் கோப்பையை ஊற்றி மறுபடி கெண்டிக்குள்ளேயே திருப்பி ஊற்றுவார்கள், கலப்பதற்காக. குளிர்காலத்தில் புதினாவுக்குப் பதில் மலைத் தைம் இலையோ ஷீபா என்ற கசப்பான மூலிகையோ இருக்கும். ஒரு கோப்பையாவது குடியுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் வழிகாட்டியிடம் சொல்லிவைத்தால் சர்க்கரையில்லாத கெண்டி தனியாக வரும்.

சாப்பாடு ஒரே பெரிய தட்டில் நடுவே வரும். வலது கையால், உங்களுக்கு நேரே உள்ள பகுதியிலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். எதிர்ப்பக்கம் கை நீட்டக்கூடாது. இறைச்சி நடுவில் இருக்கும், அதைக் கடைசியில் வீட்டுக்காரரே பிரித்துத் தருவார். ரொட்டிதான் கரண்டி. வெள்ளிக்கிழமை கோதுமை ரவையில் செய்யும் கூஸ்கூஸ். சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். தஜீன் சட்டியில் உருளை, கேரட், பூசணி, ஆலிவ் வேகும். பருப்பும் வெள்ளை மொச்சையும் உண்டு. ஆனால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டுக் குழம்பைத் தருவது அங்கே சைவம் என்று எண்ணப்படலாம். எலும்புச் சாறும் வேண்டாம், தனிச் சட்டி வேண்டும் என்பதை முதல் நாளே வழிகாட்டி மூலம் சமையற்காரரிடம் சொல்லுங்கள். மிளகாய் தேடுவோர் ஒரு சிறிய ஊறுகாய்ப் பாட்டில் எடுத்துப்போனால் சமையற்காரருக்கும் கொடுங்கள், மகிழ்வார்.

பெண்கள் குழுவில் இருந்தால் சமையலறைக்குள் அழைப்பு வரும். ஆண்கள் அழைக்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். மாவு பிசைவது, அடுப்பு மூட்டுவது, தறி நெய்வது எல்லாம் அங்கேதான். மொழி தெரியாவிட்டாலும் கூட உட்கார்ந்து ரொட்டி தட்டினால் போதும்.

உடை, படம், வழிபாட்டிடம்

தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும், ஆண்களுக்கும் இது பொருந்தும். பெண்கள் தலையை மூட வேண்டிய கட்டாயம் இல்லை. படம் எடுக்குமுன் கேளுங்கள். பெண்களை, அவர்கள் வயலில் இருந்தாலும் கேட்காமல் எடுக்காதீர்கள். மொராக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய முடியாது. காசாபிளாங்காவின் ஹசன் II பள்ளிவாசல் விதிவிலக்கு. டூப்கால் பாதையில் இருக்கும் சீதி ஷம்ஹரூஷ் தர்காவுக்குள்ளும் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய முடியாது. வெள்ளையடித்த பாறைக்கு இப்பால் நின்று பாருங்கள், நோய் தீர வேண்டி வருகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் மிட்டாய், பேனா, திர்ஹாம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். வழியில் வருகிறவர்கள் கொடுத்துக் கொடுத்துத்தான் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை பாதையில் நிற்கப் பழகியது. கொடுக்க மனமிருந்தால் ஊர்ப் பள்ளிக்கோ, மலைப் பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடர அஸ்னியிலும் பிற ஊர்களிலும் நடக்கும் விடுதிகளுக்கோ கொடுங்கள்.

நிலநடுக்கத்துக்குப் பின்

2023 செப்டம்பர் 8 இரவு, இம்லில் அடங்கிய அல் ஹவுஸ் பகுதியை 6.8 அளவு நிலநடுக்கம் தாக்கியது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் இறந்தார்கள். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள் சரிந்து கிராமங்கள் மொத்தமாகப் போயின. 12ஆம் நூற்றாண்டில் அல்மொஹத் அரசர்கள் கட்டிய தின்மெல் பள்ளிவாசலும் நொறுங்கியது. 1147ல் மராகேஷைப் பிடித்த அரசு அந்தச் சின்ன மலையூரிலிருந்துதான் கிளம்பியது.

அங்கே இப்போது போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போக வேண்டும் என்பதே என் பதில். மலைக்கு வரும் வருமானத்தில் ஒரு நல்ல பங்கு நடக்க வருகிறவர்கள் கொண்டுவருவது; வீட்டை இழந்தவர் கழுதையோடு பிழைக்க அது வேண்டும். இடிந்த சுவரின் முன் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். யார் இறந்தார் என்று துருவாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். தங்கப்போகும் வீடு எப்போது திரும்பக் கட்டப்பட்டது, எப்படி என்று வழிகாட்டியிடம் தாராளமாகக் கேட்கலாம்.

வெள்ளமும் உயரமும்

இரண்டு ஆபத்துகளை மனத்தில் வையுங்கள். ஒன்று கோடை இடிமழை. 1995 ஆகஸ்டில் ஊரிகா பள்ளத்தாக்கில் ஒரே மாலையில் வந்த வெள்ளம் ஆற்றங்கரையில் இருந்த ஏராளமானவர்களை அடித்துப்போனது. உலர்ந்த ஆற்றுப்படுகையில் கூடாரம் போட வேண்டாம், மேலே இடி கேட்டால் படுகையை விட்டு ஏறுங்கள், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும்.

மற்றொன்று உயரம். தொட்டபெட்டா 2637 மீட்டர். டூப்கால் ஏறுகிறவர்கள் இரவு படுக்கும் விடுதியே 3207 மீட்டரில் இருக்கிறது. பள்ளத்தாக்குகளில் நான்கு நாள் நடந்த பிறகும் உச்சி ஆசை இருந்தால், உடல் அப்போது பழகியிருக்கும், வழிகாட்டியிடம் பேசி இரண்டு நாள் நீட்டிக்கலாம். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மருந்து தேடாமல் கீழே இறங்குவதே வைத்தியம். வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்புங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை உச்சிப் பாதை உறைபனியாக இருக்கும். காலணியில் மாட்டும் இரும்பு முள்ளும் பனிக்கோடரியும் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு அந்தக் காலம் உகந்ததல்ல. கிராமப்புற உதவிக்கு ஜெந்தர்மேரி என்ற காவல்படையின் எண் 177, ஆம்புலன்ஸுக்கு 15.

நகரத்தில் ஒரு நாள்

மலையை முடித்துவிட்டு நகரத்துக்கு வருவதே நல்ல வரிசை. மராகேஷ், ஃபெஸ் இரண்டின் பழைய நகரங்களிலும் முதல் அரை நாளுக்கு உரிமம் பெற்ற நகர வழிகாட்டியை அமர்த்துங்கள். கடைகளுக்கு வேண்டாம், பார்க்கும் இடங்களும் பட்டறைகளும் மட்டும் போதும் என்று கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள். கம்பளக் கடையில் தரகு உண்டு என்பது ஊரறிந்தது. பாதை மூடியிருக்கிறது, இந்தப் பக்கம் வாருங்கள் என்று வழியில் ஒருவர் சொன்னால் நன்றி சொல்லி நேரே நடங்கள். ஃபெஸில் 14ஆம் நூற்றாண்டு பூ இனானியா மதரஸாவுக்குள் எல்லாரும் நுழையலாம். 859ல் தொடங்கிய கரவியீன் பள்ளிவாசலை வாசலிலிருந்து எட்டிப் பார்க்கலாம்.

கணக்கு முடிப்பது

நடை முடியும் ஊரில், கழுதைக்காரரும் சமையற்காரரும் திரும்புமுன், அன்பளிப்பைப் பிரித்துக் கொடுங்கள். மொத்தமாக வழிகாட்டியின் கையில் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. நான் அதை விரும்புவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறை, பெயர் சொல்லி, வலது கையால். எவ்வளவு என்பதை முதல் நாள் இரவே குழுவுக்குள் பேசி முடித்து, சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள கம்பளிச் சட்டை, கையுறை, டார்ச் போன்றவற்றை விட்டுவர நினைத்தால் கழுதைக்காரரிடம் நேரில் கேட்டுக் கொடுக்கலாம். அவர் அன்றே மூன்று நான்கு மணி நேரம் கழுதையோடு நடந்து வீடு திரும்ப வேண்டும் என்பதால், இந்த வேலையை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.